அகழியை அகழ்தல்

‘அகழ்’ என்றால் தோண்டு என்பது பொருள். பகைவரைத் தடுக்கத் தோண்டுவது அகழி. பழமையை அறியத் தோண்டுவது அகழ்வாராய்ச்சி. இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை. ஆய்வாளர் ஒரு கோட்டையின் அகழியையே அகழ்ந்தால் என்ன தெரியவரும்?

மதிலின் கற்களைப் பின்வந்தோர் பெயர்த்தெடுத்து வீடு கட்டிவிடுவர். அகழியை எவரும் தூக்கிச் செல்ல முடியாது. தோண்டிய நாள் முதல் அது நிரம்பத் தொடங்குகிறது. அடியில் மழைநீர் கொண்டுவந்த வண்டல், அதன்மேல் உடைந்த மட்பாண்டம், எலும்பு, சாம்பல் எனப் படை படையாகச் சேரும். ஆய்வாளர் அகழிக்குக் குறுக்கே குழி வெட்டி, அதன் பக்கச்சுவரில் இந்தப் படைகளை வாசிக்கிறார். மெல்லிய வண்டற்படைகள் பல இருந்தால், அகழி கவனிப்பாரற்று மெல்ல மெல்லத் தூர்ந்தது எனலாம். ஒரே வகை மண் தடிப்பாகக் கிடந்தால், யாரோ வேண்டுமென்றே மூடியிருக்கிறார்கள்.

காசு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் இங்கேதான் நாம் தவறிவிடக் கூடாது. காசு அச்சிடப்பட்ட ஆண்டுக்கு முன்னர் அந்தப் படை உருவாகியிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. காசு பல்லாண்டு கைமாறிய பின்னரும் மண்ணில் விழுந்திருக்கலாம்.

இங்கிலாந்தின் கென்ட் கரையிலுள்ள உரோமக் கோட்டையான ரிச்பரோ இதற்கு நல்ல உதாரணம். 1922 முதல் 1938 வரை அங்கு அகழ்வு நடந்தது. 50,000 இற்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் மூன்று அகழிகளைச் சுற்றிலும் வெட்டி ஒரு காவலரணை அமைத்த உரோமர், அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அவற்றை மூடிவிட்டுப் பெரிய கற்கோட்டை எழுப்பினர். கடல்வழி வந்த அச்சம் வளர்ந்ததை இந்த மாற்றம் காட்டுகிறது. இன்று அக்கோட்டைக்கு அருகில் கடல் இல்லை. கால்வாய் தூர்ந்து கரை விலகிவிட்டது.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய இடம் மன்னார் மாவட்டத்தின் மாந்தை. மாதோட்டம் என்றும் அழைக்கப்படும் இப்பழந்துறைமுகம் திருக்கேதீச்சரத்துக்கு அருகே ஒரு மேடாகக் கிடக்கிறது. மேட்டைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் இரட்டை அகழி. அத்தனை காவலுக்கு உரிய பொருள் உள்ளே இருந்ததா? 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல், சிரான் தெரணியகல முதலியோர் நடத்திய அகழ்வு அதற்கு விடை தந்தது. சீனப் பாண்டங்களும் பாரசீக வளைகுடாப் பக்கத்துப் பளபளப்பு மட்பாண்டங்களும் வெளிவந்தன. பின்னர் யுத்தத்தால் வேலை நின்றது. மீண்டும் மண்வெட்டி விழ 2009 ஆகிவிட்டது. அப்போது மண்ணை நீரில் கரைத்து, மிதந்த கருகிய தானியங்களைச் சேகரித்தனர். கி.பி. 600–700 காலத்து மிளகும், கி.பி. 900–1100 காலத்துக் கராம்பு ஒன்றும் அவற்றுள் இருந்தன. கராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்திருக்கிறது அந்தச் சிறு மொட்டு!

என் உம்மம்மா எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார். இப்போது எங்களோடு வெள்ளவத்தையில் இருக்கிறார். மாந்தையைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன். அந்த வழியால் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருந்தும் அது ஒரு பட்டினம் என்று தமக்குத் தெரியாது என்றார். சற்றுப் பொறுத்து, “எங்கட வீட்டு இடத்தையும் இப்படித் தோண்டினா என்ன கிடைக்கும் மகள்?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுப்புச் சாம்பல், உடைந்த கோப்பை, ஒருவேளை ஒரு கராம்பு கிடைக்கலாம். அவற்றுக்கு மேலே, ஆளில்லாத ஆண்டுகளின் மெல்லிய மண்படை ஒன்றும் இருக்கும். அதை வாசிப்பவருக்கு அங்கே வாழ்க்கை நின்றது தெரியும். ஏன் நின்றது என்பதை மண் சொல்லாது. அதை நாம்தான் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

தோழியரே, மன்னாருக்குச் சுற்றுலா போனால் மாந்தை மேட்டையும் பாருங்கள். ஓட்டுத்துண்டு ஒன்று கண்ணில் பட்டாலும் எடுத்துவராதீர்கள். தன் படையை விட்டுப் பிரிந்த ஓடு தன் காலத்தை இழந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் உங்கள் உம்மம்மாவிடம் அவருடைய ஊரைப் பற்றிக் கேளுங்கள்.