ஏழாவது செடி



இங்கிலாந்தின் வயல்களுக்கிடையே பல நூற்றாண்டுப் பழமையுடைய உயிர்வேலிகள் உள்ளன. பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் அவையே வீடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய எந்திரங்கள் வயலில் இறங்கவே, வேலிகள் பல அழிந்தன. நாட்டுப்புறத்தைக் காக்க 1926 ஆம் ஆண்டு தோன்றிய சி.பி.ஆர்.இ. போன்ற அறநிறுவனங்கள் அவற்றிற்காகப் பாடுபட்டு வருகின்றன.

1997 ஆம் ஆண்டு உயிர்வேலிக்கெனத் தனி விதிகள் வந்தன. 30 ஆண்டுகளைக் கடந்த வேலியில், 30 மீட்டர் நீளத்திற்குச் சராசரியாக 7 மரவகைகள் இருப்பின், அதனை அகற்றாதவாறு உள்ளாட்சி மன்றம் தடுக்கலாம்.

கோடை விடுமுறையில் இத்தகைய நிறுவனத்தில் பயிற்சி பெறும் மாணவர் செய்யத்தக்க பணி யாது? நாடாவால் அளந்து, இலை, முள், பட்டை ஆகியவற்றை நோக்கி வகைகளை எண்ணிக் குறித்தலே. எளிய பணிதான். ஆயினும் ஏழாவது செடியைக் காணாது விட்டால் வேலி காவலை இழக்கக்கூடும். இல்லாத செடியை இரக்கத்தால் எழுதிவிட்டாலோ, உண்மையான குறிப்புகளையும் பிறர் நம்பார். உயிர்களிடத்து அன்பு வேண்டும். அவ்வன்பிற்குப் பொறுமையும் வாய்மையும் துணை நிற்றல் வேண்டும்.

சிந்திக்க:
1. உயிர்வேலிகள் அழிந்தமைக்குக் காரணம் யாது?
2. நன்மை கருதியும் பொய்க்குறிப்பு எழுதலாகாது, ஏன்?