கிளியின் அலகு மிகுந்து வளர்தல்: காரணமும் கவனிப்பும்

தமிழில் கிளி என்றும் தத்தை என்றும் வழங்கும் பறவையை மலையாளத்தில் 'தத்த' என்பர். துஞ்சத்து எழுத்தச்சன் இராம காதையைக் கிளியின் வாய்மொழியாகப் பாடியதால், 'கிளிப்பாட்டு' என்னும் இலக்கிய வகையே கேரளத்தில் நிலைபெற்றது. திருவனந்தபுரம் மாவட்டத்துக் கிளிமானூரின் பெயரைக் கிளியோடும் மானோடும் சேர்த்துப் பொருள் கூறுவாரும் உளர். இத்துணை அன்புக்குரிய பறவை, அந்த அன்பினாலேயே பல வீடுகளில் கூண்டுக்குள் அடைபட்டது.

கூண்டுக் கிளிகளிடம் அடிக்கடி காணப்படும் குறை, அலகு அளவுக்கு மீறி வளர்தலாகும். மேல் அலகு கழுத்தை நோக்கி வளைந்து நீள்கிறது, பறவை தானியத்தைப் பற்ற இயலாமல் நழுவ விடுகிறது, நாளடைவில் மெலிகிறது. வளர்ப்பவர் இரக்கத்தால் நகவெட்டியைத் தேடுகிறார். இது ஏன் தவறு என்பதைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டுள்ளனர்.

அலகின் அமைப்பு

அலகு வெறும் கொம்புத் துண்டு அன்று. அதன் உள்ளே எலும்பும், எலும்பின்மேல் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த உயிர்ப்படலமும், அதற்கு வெளியே கெராட்டின் என்னும் பொருளாலான உறையும் உள்ளன. நம் நகமும் கெராட்டினால் ஆனதே. அலகின் நுனியில் தொடு உணர்வு மிகுதி. கிளியின் மேல் அலகு மண்டையோட்டுடன் அசையும் மூட்டினால் இணைந்திருப்பதால், கிளி அதனை ஏறுவதற்கு மூன்றாவது கால் போலவும் பயன்படுத்துகிறது.

இவ்வுறை வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. மரத்தைக் கொறித்தும், விதைகளை உடைத்தும், மேல் அலகையும் கீழ் அலகையும் ஒன்றோடொன்று உரசியும் பறவை அதனைத் தேய்க்கிறது. வளர்ச்சியும் தேய்மானமும் சமமாக இருக்கும் வரையில் அலகு ஒரே அளவில் நிற்கும். மெல்லிய செதில்கள் உதிர்வது இயல்பே. அதனை நோயெனக் கருத வேண்டா.

சமநிலை குலைவதற்குக் காரணங்கள்

முதலாவது, கல்லீரல் நோய். சூரியகாந்தி விதை, நிலக்கடலை முதலிய கொழுப்பு மிக்க உணவை மட்டுமே உண்டு, பறக்க இடமின்றி இருக்கும் பறவையின் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. அப்போது அலகு விரைந்து நீள்வதோடு மென்மையாகி, கருமையான இரத்தக் கசிவுக் கறைகளையும் காட்டக்கூடும். கால் நகங்களும் மிகுந்து வளர்தல் உண்டு.

இரண்டாவது, வைட்டமின் ஏ குறைவு. விதை உணவில் இச்சத்து மிகக் குறைவு.

மூன்றாவது, ஒட்டுண்ணி. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜெரிகர் பறவைகளின் அலகின் அடியில், தேனடை போன்ற வெண்ணிறப் பொருக்கு தோன்றினால், நுண்ணிய சிற்றுண்ணியே காரணமாக இருத்தல் கூடும். இதனை மருந்தால் குணப்படுத்தலாம்.

நான்காவது, அலகையும் இறகையும் தாக்கும் வைரஸ் நோய். இறகுகள் உருக்குலைந்து உதிரும், அலகு வெடிக்கும். இது மற்றக் கிளிகளுக்குத் தொற்றும். குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே ஐயமுற்ற பறவையை உடனே தனிமைப்படுத்த வேண்டும்.

இவையன்றி, காயத்தினாலும் பிறவிக் கோணலினாலும் இரு அலகுகளும் பொருந்தாமல் வளர்வதும் உண்டு.

இதனால் விளங்குவது யாதெனில், நீண்ட அலகு பெரும்பாலும் நோயின் அடையாளமேயன்றி நோயன்று. காரணத்தை அறியாமல் வெட்டினால் அடையாளம் மறையும். நோய் உள்ளே நிற்கும். அலகும் மீண்டும் நீளும்.

வீட்டில் வெட்டலாகாது

உயிர்ப்படலம் எதுவரை நீண்டுள்ளது என்பதை வெளியிலிருந்து எளிதில் அறிய இயலாது. கத்தரி சிறிது தவறினாலும் இரத்தம் பெருகும். கடும் வலியால் பறவை உண்ண மறுக்கும். அலகு நெடுக வெடிக்கவும் கூடும். நூறு கிராம் அளவே எடையுள்ள பறவைக்குச் சிறிய இரத்த இழப்பும் பேரிழப்பாகும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. பறவைகளுக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதாலேயே மூச்சு நடைபெறுகிறது. மார்பை இறுகப் பிடித்தால், மூக்கு திறந்திருந்தும் பறவை மூச்சடைத்து இறக்கும்.

கால்நடை மருத்துவர் முதலில் பறவையைச் சோதித்து, வேண்டுமாயின் இரத்தப் பரிசோதனையும் செய்து, பின்னர்ச் சிறு சுழல் அரத்தினால் அலகைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பார். விபத்தால் அலகில் இரத்தம் கசிந்தால், சோளமாவைத் தூய துணியில் எடுத்து மெல்ல அழுத்திப் பிடித்து, தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்லுக.

உணவும் கொறித்தலும்

பப்பாளி, காரட், முருங்கைக்கீரை, சிவப்புக்கீரை ஆகியவை வைட்டமின் ஏ தரும். புதிய உணவைப் பழைய உணவோடு கலந்து, வாரக்கணக்கில் படிப்படியாக மாற்றுக. பழக்கமான விதையைத் திடீரென நிறுத்தினால் பறவை பட்டினி கிடக்கும். வெண்ணெய்ப்பழம் கிளிக்கு நஞ்சு, கொடுக்கலாகாது. கொறிப்பதற்குக் கொய்யா, வேம்பு ஆகியவற்றின் கிளைகளைக் கழுவி வைக்கலாம். திருவனந்தபுரத்தில் வேலிதோறும் பூக்கும் அரளியின் கிளையை ஒருபோதும் வைக்கலாகாது. விழிஞ்ஞம் போன்ற கடற்கரைகளில் கிடைக்கும் கணவாய் ஓடு சுண்ணாம்புச் சத்து தரும். ஆயினும் நோயால் நீண்ட அலகை அது குறைத்துவிடாது.

வாரம் ஒருமுறை பறவையை எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருத்தல் கூடாது.

சட்டமும் கடமையும்

நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். தண்டனைக்கு அஞ்சிப் பறவையை மறைத்து, வீட்டிலேயே அலகை வெட்டுவோரும் உண்டு. அச்சத்தின் விலையைப் பறவை செலுத்துகிறது. வேறு சிலர் கூண்டைத் திறந்து விட்டுவிடுகின்றனர். உருக்குலைந்த அலகுடன் பறவை வெளியில் இரை தேட இயலாது பட்டினியால் மாளும். ஆகவே வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறையான வழி. களப்பணியாளர் இதனை மிரட்டலாக அன்றி, அறிவுரையாகவே எடுத்துரைத்தல் நலம். அயல்நாட்டுக் கிளிகளை வளர்ப்போர், தம்மிடமுள்ள இனத்துக்கு 2024ஆம் ஆண்டுப் பதிவு விதிகள் பொருந்துமா என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்துக்குக் கூண்டுப் பறவை வேண்டா. தென்னையின் பொந்தில் கூடு வைக்கும் பச்சைக்கிளியைத் தொலைவிலிருந்து கவனிக்கச் செய்து, மாணவர்களிடம் பின்வரும் வினாக்களைக் கேட்கலாம்:

1. கிளி ஏறும்போது அலகை எவ்வாறு பயன்படுத்துகிறது?
2. நகத்துக்கும் அலகுக்கும் உள்ள ஒற்றுமை யாது? வேற்றுமை யாது?
3. காட்டுக் கிளியின் அலகை வெட்டுவார் ஒருவருமில்லை; ஆயினும் அது நீள்வதில்லை. ஏன்?

மூன்றாவது வினாவுக்கு மாணவன் தானே விடை கண்டுவிட்டால், இக்கட்டுரையின் சாரத்தை அவன் அறிந்துகொண்டான் எனலாம்.