சங்கு ஊதாத ஆலை



இம்முறை பாடத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள், இளைஞர் கையிலுள்ள கைபேசி. சித்தூரிலும் திருப்பதியிலும் யான் நடத்தும் மாலை வகுப்புகளுக்கு வரும் பெற்றோர் கேட்கும் வினா ஒன்றே: "ஐயா, அதைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடலாமா?" விடை கூறுமுன் காரணத்தை ஆராய்தல் முறையாகும்.

1. இது எவ்வாறு வந்தது?

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஆந்திர மாணவர்க்குத் தூர்தர்ஷன் சப்தகிரி வாயிலாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. மற்றவை கைபேசியில் வந்தன. பின்னர் 2022 டிசம்பர் 21 அன்று தொடங்கி, அரசுப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்க்கும் ஆசிரியர்க்குமாக ஏறக்குறைய 5 லட்சத்து 18 ஆயிரம் டேப்களை மாநில அரசு வழங்கிற்று. ஆகவே, பிள்ளைகள் தாமே தேடிக் கெட்டனர் என்பது நியாயமன்று. நாமே கொடுத்தோம், கொடுத்தபின் கோபிக்கிறோம்.

2. அது கட்டிவைப்பது எவ்வாறு?

யான் பதினெட்டு ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்தவன். அங்கே இயந்திரத்தின் வேகத்திற்கே கை ஓடும். அறுந்த இழையை ஒட்டுபவன் கண் வேறிடம் செல்லலாகாது. ஆயினும் எட்டு மணி நேரம் கழிந்தால் சங்கு ஊதும். தொழிலாளி வீடு திரும்புவான்.

கைபேசிக்குச் சங்கு இல்லை. முன்பு ஒரு பக்கம் முடிந்தால் அடுத்ததைத் தொட்டுத் திறக்கவேண்டும். அவ்விடைவெளியில் "போதும்" என்ற எண்ணம் பிறக்க இடமிருந்தது. 2006-இல் அசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், பக்கம் முடிவின்றித் தானே நீளும் முறையை வகுத்தார்; பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். கண் நிலைக்கும் நேரமெல்லாம் விளம்பரத்தால் நிறுவனத்திற்கு வருவாய். ஆலையில் உழைத்த கைக்குக் கூலி உண்டு. இங்கே கூலியின்றிக் கண் உழைக்கிறது.

தடை போதுமோ எனின், 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. மறு மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. பெயர் மாறிற்று, பழக்கம் மாறவில்லை. 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க இயலாதவாறு சட்டம் செயலுக்கு வந்தது. சட்டம் வாயிற்கதவு, வேண்டியதே. ஆனால் ஐம்புலன்களாகிய வாயில்களுக்கு அவரவர் மனமே காவல்.

3. யான் செய்த பிழை

சித்தூர் வகுப்பில் ஒரு மாணவன் மேசைக்கடியில் கைபேசியை வைத்திருந்தான். சினம் மேலிட்டு, அனைவர் முன்னிலையிலும் அதைப் பிடுங்கிக் கடிந்துரைத்தேன். மூன்று வாரம் அவன் வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். "அவன் தமிழ் எழுத்துதான் பார்த்தான் ஐயா" என்றார் அவன் அன்னையார்.

வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்பவன் அவன். 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடத்தைத் திறந்து, யான் பலகையில் எழுதியவற்றோடு ஒப்பிட்டுக் கற்றிருக்கிறான். கேட்டறியாமல் தண்டித்தேன், அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவன் திரும்பி வந்தான். அவனோடு வந்துகொண்டிருந்த தங்கை இன்றளவும் வரவில்லை.

4. கடைப்பிடிக்க வேண்டியவை

ஒன்று: பிடுங்குமுன் கேளுங்கள். "என்ன பார்க்கிறாய்? எனக்கும் காட்டு" என்பதே முதற்சொல்லாகட்டும்.

இரண்டு: வீட்டிற்கு ஒரு சங்கு வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு எல்லாக் கைபேசிகளும் கூடத்து அலமாரிக்குச் செல்லட்டும். தந்தையின் கைபேசியே முதலில் செல்லவேண்டும்.

மூன்று: பணத்தை இழந்தாலும், படத்தைக் காட்டி எவரேனும் மிரட்டினாலும், அஞ்சாமல் வீட்டாரிடம் சொல்லலாம் என்ற தைரியத்தைப் பிள்ளைக்கு அளியுங்கள். இணையவழிப் பண மோசடிக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். திட்டுக்கு அஞ்சி மறைக்கும் பிள்ளையே மிரட்டுவோனுக்கு எளிதில் இரையாகிறது.

பிள்ளைகாள்! உங்களுக்கும் ஒரு சொல். கைபேசியைத் திறக்கும்போது எதற்காகத் திறந்தோம் என்பதை நினைவில் வையுங்கள். அது முடிந்ததும் மூடுங்கள். அந்த நினைவே உங்கள் சங்கு. அதை ஊத வேறொருவர் வரமாட்டார்.