சாலியேரி சுமந்த பழி



வியன்னா நகரில் இசை மேதையர் இருவர் வாழ்ந்தனர். ஒருவரின் திறனைக் கண்டு மற்றவர் உள்ளம் வெந்தார், நஞ்சிட்டுக் கொன்றார், முதுமையில் அக்குற்றத்தை நினைந்து நினைந்து அறிவு திரிந்தார். இவ்வாறு ஒரு கதை உலகெங்கும் வழங்குகின்றது. இறந்தவர் மோட்சார்ட், பழி சுமந்தவர் சாலியேரி. அப்பழி தகுமா?

இத்தாலியில் 1750இல் பிறந்த அந்தோனியோ சாலியேரி இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். காஸ்மன் என்னும் இசையாசிரியர் 1766இல் அவரை வியன்னாவுக்கு அழைத்துச் சென்று, உணவும் கல்வியும் அளித்து வளர்த்தார். அந்நன்றியை மறவாத சாலியேரி, பிற்காலத்தில் தம் மாணவர் பலருக்குப் பொருள் பெறாமலே கற்பித்தார். பேத்தோவனும் சூபர்ட்டும் அவரிடம் பயின்றவர்களே.

மோட்சார்ட் 1781இல் வியன்னாவிற் குடியேறினார். இருவரிடையே போட்டி இருந்தது உண்மை. அதனை மறைத்தல் ஆகாது. ஆயினும் மனக்குறை மிகுந்து காணப்படுவது மோட்சார்ட், அவர்தம் தந்தை ஆகியோரின் கடிதங்களிலேதான். பேரரசர் சாலியேரியையன்றி வேறு எவரையும் பொருட்படுத்துவதில்லை என மோட்சார்ட் 1781இல் நொந்து எழுதினார். 1788இல் அரண்மனை இசைக்குழுவின் தலைமைப் பதவியும் சாலியேரிக்கே கிடைத்தது. பதவியும் செல்வாக்கும் உடையவர் எதற்காகக் கொல்ல வேண்டும்? கதை சொல்வோர் இவ்வினாவை எளிதிற் கடந்துவிடுகின்றனர்.

1791 அக்டோபரில் நிகழ்ந்தது ஒன்றைக் கேளுங்கள். 'மாயப் புல்லாங்குழல்' என்னும் தம் இசைநாடகத்தைக் காண, மோட்சார்ட் தாமே வண்டியிற் சென்று சாலியேரியை அழைத்து வந்தார். தொடக்க இசை முதல் இறுதிப் பாடல் வரை சாலியேரி கூர்ந்து கேட்டுப் பாராட்டிக்கொண்டே இருந்தார் என, மோட்சார்ட் தம் மனைவிக்கு மகிழ்ச்சியுடன் எழுதினார். அடுத்த டிசம்பர் 5ஆம் நாள், 35 வயதில், மோட்சார்ட் மறைந்தார். தோலிற் சிறு கொப்புளங்கள் தோன்றும் கடுங்காய்ச்சல் என்பது இறப்புப் பதிவு. உடல் வீங்கியிருந்தமையால் நஞ்சு என்னும் பேச்சு அப்போதே எழுந்தது.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகிச் சாலியேரி நோயுற்று, அறிவு தளர்ந்து கிடந்தபோது, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஊரெல்லாம் வதந்தி பரவியது. அருகிருந்து பேணிய பணியாளர் இருவரோ, அத்தகைய சொல்லைத் தாங்கள் கேட்டதே இல்லை என எழுதிக் கொடுத்தனர். காணவந்த பழைய மாணவர் மொசெலஸிடம், அது பொய்யென்று சாலியேரியே உறுதி கூறினார். தம் காதாலேயே அப்பழியைக் கேட்டுவிட்டு, 1825இல் அம்முதியவர் கண்மூடினார். ஐந்தாண்டு கழித்து உருசியக் கவிஞர் புஷ்கின் வதந்தியை நாடகமாக்கினார். 1984இல் வெளிவந்த 'அமதேயுஸ்' திரைப்படம் அதனை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது.

மோட்சார்ட்டின் மனைவி அவ்வதந்தியை நம்பினாரா? தந்தை இறக்கும்போது கைக்குழந்தையாக இருந்த தம் இளைய மகனை, வளர்ந்தபின் அவர் இசை பயில அனுப்பிய ஆசிரியர்களுள் சாலியேரியும் ஒருவர்.

2015இல் பிராகு நகர அருங்காட்சியகம் ஒன்றில் பழைய அச்சுப் பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பாடகி ஒருத்தி இழந்த குரலை மீண்டும் பெற்றதைக் கொண்டாட, 1785இல் இயற்றப்பட்ட பாடல் அது. அதற்கு இசையமைத்தோருள் மோட்சார்ட்டும் சாலியேரியும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றனர்.