கடல் காற்றாலை வேலைக்குப் போகுமுன்

அன்புள்ள மருமகனுக்கு,

கடல் காற்றாலைத் தொழிலில் இரண்டு வகை வேலை உண்டு. அடித்தளம் இறக்குவது, கோபுரம் ஏற்றுவது, கேபிள் பதிப்பது ஒரு வகை. இதற்கு ஆள் நிறைய வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் வேலை முடிந்து கூட்டம் கலைந்துவிடும். பராமரிப்பு மற்றொரு வகை. ஆள் குறைவு, ஆனால் காற்றாலை சுழலும் 25 ஆண்டும் வேலை இருக்கும். இளைஞர்கள் குறிவைக்க வேண்டியது இதைத்தான்.

பராமரிப்பு வேலை கரைக் காற்றாலையில் செய்வதுதான்: போல்ட்டை ஹைட்ராலிக் ரெஞ்ச் வைத்து முறுக்குவது, கியர்பாக்ஸ் எண்ணெய் பார்ப்பது, மின்கோளாறு தேடுவது, இறக்கையின் விரிசலைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பூசுவது. வேறுபடுவது கடல் காற்றாலைக்குப் போய்ச் சேரும் விதம். படகு தன் முகப்பிலுள்ள ரப்பர் மெத்தையை அடித்தளத்தின்மீது அழுத்தி, எஞ்சினை முன்னோக்கி ஓட்டியபடியே நிற்கும். ஏறுகிறவர் பாதுகாப்புக் கொக்கியை மாட்டிவிட்டு, படகு அலையோடு மேலே வரும் நொடி பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டும். அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பொதுவாக அன்றைக்கு ஏற்றம் இல்லை. வள்ளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த நொடியைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. கரைக் காற்றாலை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மீனவ ஊர் இந்தத் தொழிலுக்கு மாறுவதற்கு இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி நல்ல உதாரணம். பெரிய மீன்பிடித் துறைமுகமாக இருந்த ஊர் அது. 1970-களில் ஐஸ்லாந்துடன் நடந்த மீன்பிடித் தகராறுக்குப் பிறகு நொடித்துப்போனது. இன்று 174 காற்றாலைகள் கொண்ட ஹார்ன்சீ ஒன்று திட்டத்தின் பராமரிப்பு அங்கிருந்துதான் நடக்கிறது.

உலகெங்கும் கேட்கப்படும் சான்றிதழ் குளோபல் விண்ட் ஆர்கனைசேஷனின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. முதலுதவி, சுமை தூக்கும் முறை, தீ விழிப்பு, உயரத்தில் வேலை ஆகிய நான்கும் கரைக்கும் பொது. ஐந்தாவதான கடலில் உயிர்காத்தல், கடலுக்குப் போகிறவர்களுக்கு. இந்தச் சான்றிதழை முதலிலேயே கடன் வாங்கி எடுத்து வைப்பது வீண்செலவு. கைத்தொழில் தெரியாதவருக்கு அந்தத் தாள் வேலை வாங்கித் தராது. இரண்டே ஆண்டில் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

நம் நாட்டு நிலவரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் காற்றாலைக் கொள்கை 2015-இல் வந்தது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். இந்தியக் கடலில் இன்னும் ஒரு காற்றாலைகூட மின்சாரம் தரவில்லை. கடலில் வேலை வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். முப்பந்தலிலும் ராதாபுரத்திலும் உள்ள கரைக் காற்றாலைகளில் ஏறி இறங்கும் ஆண்டுகளே கடலுக்கான முதலீடு. வைகாசியில் காற்றுப் பிடிப்பதற்குள் பராமரிப்பை முடித்தாக வேண்டும் என்ற அவசரம் அங்கேதான் பழகும். கடலில் அந்த அவசரம் இன்னும் கடுமை. நல்ல காற்று அடிக்கும் மாதங்களில் படகே நெருங்காது.

ஆகவே இந்த ஆண்டு தேட வேண்டியது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர் பிரிவில் ஓர் இடம். கடல் பயிற்சியை, வேலைக்கு எடுக்கும் நிறுவனம் கேட்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா