சின்ன காரில் பாட்டு: முதல் பணம் முன்கதவுக்கு

கார் ஆடியோ கடைகள் நிறைந்த சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்டோ ஆல்டோவோ வாங்கிய பிள்ளைகள், மிச்சம் பிடித்த 15,000, 20,000 ரூபாயோடு வருகிறார்கள். கடைக்குள் நுழையும் முன்பே முடிவு எடுத்தாகிவிட்டது. ஒருவன் நண்பனின் வண்டியில் ஒன்பது இஞ்ச் திரையைப் பார்த்திருக்கிறான். இன்னொருவனோடு அப்பாவும் வந்திருக்கிறார்: "போடுறதுதான் போடுற, கேமராவோட பெரிய ஸ்க்ரீனா போட்டுடு. விற்கும்போதும் விலை கிடைக்கும்." பாட்டு எப்படிக் கேட்கும் என்ற கேள்வி யார் வாயிலும் வருவதில்லை. ஆறு மாதம் கழித்து, "சவுண்டு ஒண்ணும் பெருசா மாறலையே" என்று அதே பிள்ளை வந்து நிற்கும்போது கையில் பணம் இருக்காது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

செட்டை மாற்றலாம், ஸ்பீக்கரை மாற்றலாம், ஆம்ப் சேர்க்கலாம், டிக்கியில் ஊஃபர் வைக்கலாம். இந்த நான்கும் எல்லாருக்கும் தெரிந்தவை. எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்ன காரில் முதல் ரூபாய் முன்பக்கக் கதவுகளுக்குப் போக வேண்டும். திரைக்கு வேண்டுமானால் கடைசி ரூபாய் போகட்டும்.

அந்தப் பெரிய திரையோடு வரும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இன்று அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். பெட்டியின் மேல் '4 × 60 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். இந்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு சிதையாத ஒலியாக ஒரு ஸ்பீக்கருக்குத் தர முடிந்த உச்ச அளவு, 14.4-ஐ அதாலேயே பெருக்கி 8-ஆல் வகுத்தால் வரும்: சுமார் 26 வாட். இழப்பே இல்லாத சிப் இருந்தால் 26. நிஜத்தில் 18 முதல் 22. அழுத்தத்தை உயர்த்தும் தனிச் சுற்று உள்ள, விலை கூடிய சில செட்டுகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் எல்லை. டிடிஏ 7388 போன்ற, இந்தத் துறையில் பழகிப்போன சிப்பின் தயாரிப்பாளரே 14.4 வோல்ட்டில் 26 வாட் என்றுதான் சொல்கிறார். அதுவும் பத்து சதவீதச் சிதைவோடு. பெரிய பிராண்டுகளும் அட்டைப்பெட்டியில் 50 வாட் என்று அச்சடித்துவிட்டு, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 20, 22 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) என்று சின்ன எழுத்தில் சொல்லும். உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கும் கம்பெனி செட்டும் அதே பேட்டரியிலிருந்து, அதே வகைச் சிப்பால், ஏறத்தாழ அதே அளவைத்தான் தருகிறது. திரை பெரிதானதால் ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் ஒரு பொட்டுக்கூடக் கூடவில்லை.

சரி, 22 வாட்டை 44 ஆக்கினால்? கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். மாறாக, 87 டெசிபல் சென்சிடிவிட்டி (அதே வாட்டுக்கு ஸ்பீக்கர் தரும் சத்தத்தின் அளவு) உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 90 உள்ளதைப் போட்டால், அதே செட்டில் அந்த 3 டெசிபல் சும்மா வந்துவிடும். கடைக்காரரிடம் வாட் கேட்காதீர்கள், சென்சிடிவிட்டி கேளுங்கள்.

ஒலியைத் தாண்டியும் சங்கடங்கள் உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு செட்டுகள் சாவியை எடுத்த பிறகும் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை சட்டென்று திறக்க வேண்டும் என்பதற்காக அரைத் தூக்கத்தில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் செட் 0.1 ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-அவர் போய்விடும். சின்ன பெட்ரோல் கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர். தீபாவளிக்கு ஊருக்கு பஸ்ஸில் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். மே மாத வெயிலில் வேலூரில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டில் வருடக்கணக்கில் நிற்கும் கண்ணாடித் திரையும் ஒட்டுப் பசையும் என்ன ஆகும் என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்ய ஒரு டப்பா, டேஷ்போர்டு ஓட்டைக்கு ஒரு ஃப்ரேம், வயருக்கு ஒரு கப்ளர் என்று அதன் பின்னால் வால் போல நீளும் செலவு வேறு. கப்ளர் இல்லையென்று கம்பெனி வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால், வாரண்டியும் அதோடு போகலாம்.

அப்பாவுக்குத் தேவை ரிவர்ஸ் கேமரா. அதை உள்கண்ணாடியிலேயே திரை வரும்படி தனியாகப் போட்டுக்கொள்ளலாம். வழிகாட்ட ஒரு நல்ல மொபைல் ஹோல்டர் போதும். திரை கட்டாயம் வேண்டுமென்றால், ஆடியோவில் பேர்போன கம்பெனி தரும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே செட்டைப் பாருங்கள். அதில் மொபைல்தான் மூளை. செட் ஒலியைக் கவனித்துக்கொள்ளும். அதையும் ஸ்பீக்கர் வேலை முடிந்த பிறகு வாங்குங்கள். பழைய ஆல்டோவில் செட்டே இல்லை, அல்லது ப்ளூடூத் இல்லை என்றால், ப்ளூடூத்தும் யுஎஸ்பியும் ஆம்புக்கு இணைக்க மூன்று ஜோடி ப்ரீஅவுட்டும் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரும் உள்ள சாதாரண செட் ஒன்று வாங்கினால் காரியம் முடிந்தது.

இப்போது கதவுக்கு வருவோம்.

டோர் பேடைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தால் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள். அடியில் காய்ந்த வேப்பிலை ஒன்றிரண்டும் மண்ணும். கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றினால் இரண்டு விரலில் தூக்கிவிடலாம். காகிதக் கோன், பிளாஸ்டிக் கூடு, பின்னால் மிகச் சின்னக் காந்தம். கதவின் வெளித்தகட்டை முட்டியால் தட்டினால் 'டங்' என்று அதிரும். வீணைக்குக் குடம் எப்படியோ ஸ்பீக்கருக்குக் கதவு அப்படி. ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் அந்த ஓட்டைகள் வழியே ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பேஸ் காணாமல் போவது அங்கேதான்.

2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட், ஒருபக்கம் அலுமினியத் தாள் ஒட்டியது, வாங்கி வெளித்தகட்டின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். முழுக்க மூட வேண்டியதில்லை, பாதி போதும். பிறகு உள்தகட்டின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். மறுபடி தட்டிப் பாருங்கள். 'தொப்' என்று கேட்கும். கதவின் அடிவிளிம்பில் உள்ள தண்ணீர்த் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால், ஐப்பசி மழை முழுக்கக் கதவுக்குள் தேங்கி, அடுத்த வருடம் துரு வெளியே வரும். தார் கலந்த மலிவு ஷீட்டும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் இளகி நாறும். இரண்டு முன்கதவுகளுக்கு நல்ல ஷீட் 2,000 முதல் 3,000 ரூபாயில் முடியும். இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட அதிக மாற்றம் தரும் வேலை கார் ஆடியோவில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்பீக்கர் விஷயத்தில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. ட்வீட்டர் நடுவிலேயே பொருந்திய கோஆக்சியலைவிட, ட்வீட்டர் தனியாக வரும் காம்போனென்ட் செட்டையே கேட்பேன். கதவின் அடியில் முழங்காலைப் பார்த்துப் பாடும் ட்வீட்டரால், நாதஸ்வரத்தின் கூர்மையை முகத்துக்கு நேரே கொண்டுவர முடியாது. ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடி ஓரத்து முக்கோணத்தில் வைத்தால் பாடகர் டேஷ்போர்டு மேல் வந்து உட்காருவார். முன் கண்ணாடியை ஒட்டிய தூணில் வைக்க வேண்டாம். ஆறு ஏர்பேக் உள்ள வண்டிகளில் கர்ட்டன் ஏர்பேக் விரியும் பாதை அதுதான். கையில் பணம் இறுக்கம் என்றால் 3,000 ரூபாய்க்குள் சென்சிடிவிட்டி கூடிய கோஆக்சியல் ஜோடி ஒன்று, ஒழுங்காக அடைத்த கதவில், அடைக்காத கதவில் இருக்கும் 8,000 ரூபாய் காம்போனென்ட்டைத் தோற்கடிக்கும்.

வாங்கும் முன் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தம் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் ஸ்பேசர் வளையம் வேண்டும்; மழையில் ஊறி உப்பும் எம்டிஎஃப் பலகையைவிட பிளாஸ்டிக் வளையம் நல்லது. மாட்டிய பிறகு பேலன்ஸை நடுவில் வைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். குரல் நடுவில் நிற்காமல் எங்கோ கரைந்து, பேஸும் மெலிந்திருந்தால், ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

பின்கதவு ஸ்பீக்கர்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். பார்சல் டிரேயில் ஓவல் ஸ்பீக்கர் என்பது நம் ஊரில் பல வருட வழக்கம், அதையும் விடுங்கள். சின்ன காரின் பார்சல் டிரே சும்மா வைத்த அட்டை. கடகடவென்று ஆடும். சடன் பிரேக் அடித்தால் அந்தக் கனம் பின்சீட்டில் இருக்கும் குழந்தையின் தலைக்குத்தான் வரும்.

ஆம்ப் அடுத்த கட்டம். நாலு சேனல், ஒவ்வொன்றும் 50 வாட் ஆர்எம்எஸ் போதும். '2000 வாட்' என்று எழுதிய ஆம்பின் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றால், 14.4-ஆல் பெருக்கினால் உள்ளே போவதே 432 வாட். வெளியே 2000 எங்கிருந்து வரும்? வயர் அசல் செம்பாக இருக்கட்டும், செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். வண்டி தீப்பிடிக்காமல் இருப்பது அதில் இருக்கிறது.

ஊஃபரை நான் கடைசியில் வைப்பேன். 12 இஞ்ச் ஊஃபருக்கு மூடிய பெட்டியே 30 லிட்டர் அளவில் இடம் கேட்கும், துளை வைத்த பெட்டி அதைவிட அதிகம். ஆல்டோ 800 டிக்கியின் மொத்த அளவு 177 லிட்டர். கானாவும் குத்துப்பாட்டுமே உங்கள் உயிர் என்றால், சீட்டுக்கு அடியில் போகும் 8 இஞ்ச் ஊஃபர் போதும். சின்ன கேபினே தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் நடப்பதைக் கேட்க ஊஃபர் அவசியமே இல்லை. அந்த வாத்தியத்தின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் மேல்சுரங்களில் பெரும்பகுதி, அடைத்த கதவு தாராளமாகப் பாடும் எல்லைக்குள் வந்துவிடும். அடிச் சுரத்தைக் காதே நிரப்பிக்கொள்ளும்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். கதவும் ஸ்பீக்கரும் முடிந்ததும் ஒரு மாதமாவது பொறுங்கள். மனப்பாடமான நாலு பாட்டை, வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும் கேளுங்கள். ஈக்வலைசரை நேராக வைத்து, செட்டில் ஹை-பாஸ் இருந்தால் அதை 80 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். கதவு ஸ்பீக்கர் தேவையில்லாத பாரத்தை இறக்கிவைத்ததும் சத்தத்தைக் கூட்டினாலும் கிழியாது. எல்லார் காதும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குக் குரல் முக்கியம், சிலருக்குத் தாளம். நண்பனின் காது உங்கள் காது ஆகாது. மார்கழியில் ஒரு கோயிலில் மைக் இல்லாமல் தவில் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்தால், எந்த ஸ்பீக்கர் உண்மை பேசுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காதையும் காப்பாற்றுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும். ஓஎம்ஆர் சாலையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுச் சத்தத்தில் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்ல ஆசை.

வேலைக்குக் கொடுக்கும் முன் ஃபிட்டரிடம் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: வயரை வெட்டாமல் கப்ளர் போட வேண்டும், தண்ணீர்த் துளையைத் திறந்து வைக்க வேண்டும், கழற்றிய கம்பெனி செட்டும் ஸ்பீக்கரும் கிளிப்புகளோடு உங்கள் கைக்கு வர வேண்டும். அவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் அன்று திரும்ப மாட்டிவிட்டு, நல்ல ஸ்பீக்கரை அடுத்த காருக்கு எடுத்துப் போகலாம்.