பழுதும் பௌதிகமும்

சென்ற மழைக்கால விடுமுறையில் பழுதான மடிக்கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். நல்ல நிலையில் அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். விடுதி நண்பர்கள் பலர், “அது எப்படி நேர்ந்தது?” என்று கேட்டனர். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதையே நம் மன்ற இதழின் வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதுகின்றேன். இதில் புதிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஓம் விதி, மின்தேக்கி, மின்னோட்டத்தால் வெப்பம் பிறத்தல் ஆகிய மூன்றுமே நாம் பள்ளியில் படித்தவை. ஆயினும், பௌதிகத்தில் முதுகலை படிக்கும் எனக்கு அவை வேண்டிய வேளையில் நினைவுக்கு வரவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவருக்குக் கைவசம் இருந்தன. இதை எழுதும்போதும் எனக்குச் சிறிது நாணமாகத்தான் இருக்கின்றது.

என் ஊர் சித்திரபுரம். இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே, பள்ளிவாசல் மின் நிலையத்தை ஒட்டிய மலைச் சிற்றூர். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அந்தப் பள்ளிவாசல்தான். 1940-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. என் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மலையேறியவர். தந்தையும் தோட்டத் தொழிலாளியே. மடிக்கணினி வாங்க 52,000 ரூபாய் ஆயிற்று; அதில் பெரும்பகுதி அவருடைய பி.எஃப். பணத்திலிருந்து எடுத்த முன்பணம். இதை இங்கே கூறுவது இரக்கம் வேண்டி அன்று. பின்னே வரும் தொகைகளை வாசகர்கள் எந்தத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே.

ஜூன் மாதத்தில் ஒரு முறை ஊருக்குப் போய்விட்டு விடுதிக்குத் திரும்பிய மறுநாள் அது இறந்தது. பொத்தானை அழுத்தினால் அசைவில்லை. மின்னேற்றியைச் செருகினால், அதுவரை எரிந்துகொண்டிருந்த மின்னேற்றியின் சிறு விளக்கும் அணைந்தது. பிடுங்கினால் மீண்டும் எரிந்தது. அந்த விளக்கே நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது பின்னரே எனக்குப் புரிந்தது.

நகரில் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்க்கும் நிலையத்திற்கு எடுத்துச் சென்றேன். இரண்டு நாள் கழித்து, “மதர்போர்டு போய்விட்டது. மாற்ற 38,000 ரூபாய் ஆகும்” என்றனர். போர்டில் எந்த உறுப்பு கெட்டது என்று கேட்டேன். “உறுப்பெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை, சார். போர்டாகத்தான் மாற்றுவோம்” என்பது பதில். அத்துடன் முடியவில்லை. மெலிந்த உடலுள்ள அந்த மாதிரியில் நினைவகச் சில்லும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். போர்டு போனால் அதிலுள்ள யாவும் போகும். மென்படலங்களின் மின்தடை பற்றி ஏழு மாதங்களாக நான் எடுத்த அளவீடுகள் அதில்தான் இருந்தன. நகல் எடுத்து வைத்தாயா என்று கேட்காதீர்கள். வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டுவிட்டார்.

வெறுங்கையோடு ஊருக்குப் போனபோது தந்தை, “கடைவீதியில் நம்ம ரேடியோக் கடையில் ஒருமுறை காட்டேன்” என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் கடையை நான் சிறு வயது முதல் அறிவேன். முதலில் வானொலியும் தொலைக்காட்சியும், பின்னர்க் கைபேசியும், இப்போது மடிக்கணினியும் பழுதுபார்க்கும் ஒற்றை அறை அது. ஒரு மேசை, கழுத்து வளையும் விளக்கோடு ஓர் உருப்பெருக்கி, பற்றவைப்புக் கோல், வெப்பக்காற்றுக் குழல். சுவரோரமாக அரிசி மூட்டைபோல் அடுக்கிய செத்த போர்டுகள். வெளியே மழை, உள்ளே ஈயமும் குங்கிலியமும் கலந்த புகை. அந்த வாசனை எனக்கு ஆய்வுக்கூடத்தைவிடப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

அண்ணன் (அவரை ஊரில் எல்லோரும் அப்படித்தான் அழைப்பர்) முதலில் மின்னேற்றியைச் செருகினார். விளக்கு அணைந்தது. “ஷார்ட் இருக்கு தம்பி” என்றார். அவ்வளவு விரைவாக.

இங்கே சற்று நின்று கணக்கைப் பார்ப்போம். மின்னேற்றி 19 வோல்ட் தருவது; 65 வாட் ஆற்றலுடையது; ஆகவே ஏறத்தாழ 3.4 ஆம்பியர்தான் அதனால் கொடுக்க இயலும். அண்ணன் மின்கல அடுக்கின் இணைப்பைக் கழற்றிவிட்டு, போர்டில் மின்சாரம் நுழையும் தடத்துக்கும் தரைத் தடத்துக்கும் இடையே அளவியை வைத்தார். நல்ல போர்டில் அங்கே பல்லாயிரம் ஓம் தடை இருக்க வேண்டும். இருந்ததோ 0.3 ஓம். 19-ஐ 0.3-ஆல் வகுத்தால் 63 ஆம்பியர் வருகின்றது. அவ்வளவு கேட்கும் ஒன்றை மாட்டினால், மின்னேற்றி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். சிறு விளக்கு சொன்ன செய்தி இதுவே.

ஷார்ட் இருப்பது தெரிந்தது. எங்கே என்பதன்றோ கேள்வி? அந்தத் தடத்தில் இருபதுக்கு மேற்பட்ட மின்தேக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சற்றே பெரியது. எல்லாம் பக்க இணைப்பில் உள்ளவை. எதன் இரு முனைகளில் அளவியை வைத்தாலும் அதே 0.3 ஓம்தான் காட்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டி உண்டு. ஒரே குழாயால் எல்லாத் தொட்டிகளும் அடியில் இணைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டியின் அடி உடைந்தால் எல்லாத் தொட்டிகளும் வற்றிவிடும். எதை எட்டிப் பார்த்தாலும் தண்ணீர் இல்லை என்றுதான் தெரியும். உடைந்தது எது என்று தெரியாது. மின்தேக்கியின் வேலையும் தொட்டியின் வேலை போன்றதே: வரத்து ஏறி இறங்கும்போது சேர்த்து வைத்துச் சீராகக் கொடுப்பது.

உடைந்த தொட்டியைக் கண்டுபிடிக்க என்ன செய்வது? கொஞ்சம் தண்ணீரை விட்டு, சலசலப்பு எங்கே கேட்கிறது என்று காது கொடுக்க வேண்டும். அண்ணன் செய்ததும் அதுவே. போர்டு முழுவதிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவினார். மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரு மின்வழங்கியை எடுத்து, 1 வோல்ட்டில் நிறுத்தி, அந்தத் தடத்தில் மாட்டினார். முள் மூன்று ஆம்பியருக்கு மேல் ஏறியது. நல்ல மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தன் வழியே விடாது. ஆகவே மின்னோட்டம் முழுவதும் கெட்டதன் வழியாகவே பாய வேண்டும். 1 வோல்ட், 3 ஆம்பியர். ஏறத்தாழ 3 வாட். கம்பிகளில் கொஞ்சம் வீணானாலும், பெரும்பகுதி அந்த எள்ளளவு பொருளில் வெப்பமாகின்றது. சில விநாடிகளில், ஈரமாகப் பளபளத்த போர்டில் ஓரிடம் மட்டும் உலர்ந்து வெளுத்தது. அந்த வட்டத்தின் நடுவே ஒரு மின்தேக்கி.

“போர்டு சாகலை தம்பி. ஒரு பூச்சிதான் செத்துக் கிடக்கு” என்றார் அண்ணன்.

ஏன் 1 வோல்ட்? 19 வோல்ட்டையே கொடுத்தால் இன்னும் விரைவாகச் சூடேறாதா? நான் கேட்டேன். கெட்டது மின்தேக்கி என்று முன்கூட்டித் தெரியாதல்லவா என்றார். மின்னழுத்தத்தைக் குறைத்துச் செயலிக்கு அனுப்பும் திறப்புச் சில்லு கெட்டு ஷார்ட் ஆகியிருந்தால், கொடுக்கும் 19 வோல்ட்டும் நேரே செயலிக்குள் போய்விடும். செயலி 1 வோல்ட் அளவில் வாழும் பொருள். அதன்பின் போர்டு உண்மையாகவே செத்துவிடும். மருத்துவர் ஊசி போடுமுன் ஒவ்வாமை பார்ப்பதுபோல இது.

வெப்பக்காற்றால் அதை எடுத்தார். அளவி உடனே பல்லாயிரம் ஓம் காட்டியது. இருபதில் ஒன்று குறைந்தாலும் கணினி ஓடும். ஆனாலும் அண்ணன் விடவில்லை. செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே அளவுள்ள, 10 மைக்ரோஃபாரடு, 25 வோல்ட் தாங்கும் மின்தேக்கியை எடுத்து வைத்துப் பற்றவைத்தார். பொத்தானை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. நான் முதலில் திறந்தது அளவீடுகள் இருந்த கோப்புறையை. ஏழு மாதமும் இருந்தன. கூலி 1,800 ரூபாய்.

மின்தேக்கி ஏன் கெட்டது? இவ்வகையில் பேரியம் டைட்டனேட்டுப் பீங்கானும் நிக்கலும் மாறி மாறி நூற்றுக்கணக்கான ஏடுகளாக அடுக்கப்பட்டிருக்கும். பீங்கான் வளையாது, போர்டு வளையும். பையில் நெருக்குண்டு போர்டு வளைந்தால் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும். ஈரம் புகும். மின்னழுத்தத்தின் கீழ் உலோகம் விரிசல் வழியே மெல்ல ஊர்ந்து, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் பாலம் கட்டிவிடும். சித்திரபுரத்திலிருந்து இறங்கும் ஜீப்பில் பை எப்படி நெருக்குண்ணும் என்பதையும், ஜூன் மாதத்து ஈரத்தையும் அறிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுவதில்லை. காரணம் இதுவேதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்; ஆயின் இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நகர நிலையத்தாரைத் திட்டுவது என் நோக்கம் அன்று. அங்கே வேலை பார்ப்பவரும் என் வயதினரே. உறுப்பைத் தேட அவருக்கு நேரமும் அனுமதியும் தரப்படவில்லை. ஆனால் “பழுதுபார்க்க இயலாது” என்பதும் “பழுதுபார்க்க மாட்டோம்” என்பதும் ஒன்றல்ல. முன்னது இயற்கையின் விதி. பின்னது யாரோ கணக்குப் பார்த்துச் செய்த முடிவு. என்னிடம் பின்னதை முன்னதுபோல் கூறினர். அதுவே என் மனக்குறை.

பழைய வானொலிப் பெட்டிகள் பலவற்றின் பின்மூடியில் மின்சுற்று வரைபடத்தை ஒட்டியே விற்றனர். இன்றோ அந்த வரைபடத்தை அண்ணன் போன்றோர் இரவல் வாங்கியும் விலை கொடுத்தும் தேட வேண்டியிருக்கின்றது. உறுப்புக்குச் சென்னை ரிச்சி தெருவையோ, செத்த போர்டையோதான் நம்ப வேண்டும். இந்த நிலையை மாற்ற உலகில் சில முயற்சிகள் நடந்துள்ளன. பிரான்சு 2021 முதல் மடிக்கணினி முதலியவற்றுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் இடச் செய்தது. நம் நாட்டிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதற்குத் தனி ஆணையே இயற்றியது. 2022-இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அறிக்கை கணக்கிட்டது. என் போர்டும் அதில் சேர்ந்திருக்கும், ஓர் எள்ளளவு பீங்கானுக்காக.

எல்லாச் சிறு கடையும் இப்படி என்று எண்ணிவிடவேண்டா. அளவியை எடுக்காமலே வெப்பக்காற்றை ஊதுபவரும் உளர். மட்டமான மின்கலத்தை மாட்டி அனுப்புபவரும் உளர். அளந்து பார்த்தீர்களா, எத்தனை ஓம் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அக்கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார், மகிழ்ந்து சொல்வார். கழற்றிய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்காமல், நீங்களே பக்கத்தில் இருந்து திறந்து காட்டுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ முயலாதீர்கள், தீப்பிடிக்கும். நகல் எடுத்து வையுங்கள் என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, என்றாலும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் அந்த மின்தேக்கியை ஒரு தீப்பெட்டியில் இட்டுக் கொடுத்தார். விடுதிக்குத் திரும்பியதும் எங்கள் ஆய்வுக்கூடத்தில், மென்படலங்களுக்காக வைத்திருக்கும் நான்கு முனைக் கருவியில் அதை அளந்தேன். கம்பிகளின் தடை கழிந்து 0.2 ஓம் வந்தது. அந்த ஊர்க்கடை அளவியில் 0.3.